மூன்று பொட்டு வைத்த பலகை

நேற்று ஒரகடத்தில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலைக்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்துப் போனார்கள். காலணிக்கு மேல் உறை, தலைக்கு வலைத் தொப்பி, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க அனுமதி. இப்படிப்பட்ட சுற்றுகள் எத்தனையோ போயாயிற்று. பேசுகிறவரின் சட்டைதான் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. கேள்வி நேரம் வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. கால் வலித்தது. திரும்பும்போது எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். அதில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பேனா, பச்சை நிற சர்க்யூட் போர்டுத் துண்டில் செய்த ஒரு சாவிக்கொத்து.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதிலிருந்த நுண்ணிய துளைகளுக்குள் பார்த்தேன். பக்கத்தில் இருந்த இளைய நிருபர் "என்ன மேடம், நிலா தெரியுதா?" என்றார். துளையின் உள்சுவர் முழுக்கச் செம்பு மின்னுகிறதா, எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். விட்டுப்போகவில்லை. சுத்தமான வேலை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போனை எடுத்தது. உன் பெயர் வரைக்கும் தேடி வந்த பிறகுதான் நினைவு வந்தது.

நீயும் நானும் முதலில் பேசியது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், உன் கம்பெனியின் பூட்டிய கேட்டுக்கு வெளியே. சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனி. பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து, இனித் திறக்காது என்று தெரிந்துவிட்ட நாள். பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து உன் முன்னால் குனிந்தேன். "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"பசிக்குது. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அச்சில் அது வரவில்லை. மறுநாள் என் எண்ணை யாரிடமோ வாங்கி நீயே கூப்பிட்டாய். "இன்னா பேப்பரு, அமைச்சர் சொன்னது கீது, அதிகாரி சொன்னது கீது, நான் பசிக்குதுன்னு சொன்னத மட்டும் காணோம்?" குன்றத்தூருக்கு வந்தால் சோறு போடுகிறேன் என்றாய். வந்தேன். கடைசி வரைக்கும் நான் உனக்குப் பேப்பருதான்.

அந்தக் கம்பெனியில் உன் வேலை செம்பு ஏற்றுகிற பிரிவில். அது என்ன என்று முதல் நாள் கேட்டபோது, சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாய். "போர்டுக்கு மேல ஒரு தெரு, கீழ ஒரு தெரு. கரன்ட்டு மேலேருந்து கீழ போவணும்னா படிக்கட்டு வேணும் இல்ல? ஓட்டய போட்டுட்டா படிக்கட்டு ஆயிடுமா? ஓட்டயோட செவுரு பூரா செம்பு ஏத்தணும். அப்பத்தான் ஏறி எறங்கும்." பலகையோ கண்ணாடி இழையும் பிசினும் கலந்தது. அதில் மின்சாரம் ஓடாது, அதனால் செம்பும் சுலபத்தில் ஒட்டாது. ஒட்டாத சுவரில் செம்பை வளர்ப்பதுதான் வேலை. பல வருடம் உன் கண் முன்னால் பலகைகள் தொட்டிக்குள் இறங்கி ஏறிப் போயின. எங்கிருந்து வந்தன, எதற்குள் போய் உட்கார்ந்தன, உனக்குத் தெரியாது. "நடுவுலயே நின்னுகினு இருந்தேன் பேப்பரு. ஒரே ஒரு போர்ட மொதல்லேருந்து கடைசி வரிக்கும் நானே செய்யணும்" என்றாய்.

அதை உன் வீட்டுப் பின்பக்கக் குளியலறையில் செய்தாய். அரிசி கொட்டி வைக்கிற பிளாஸ்டிக் டப்பாதான் தொட்டி. அதில் செம்பு உப்பான மயில்துத்தமும் பேட்டரி அமிலமும் கலந்த நீல நீர். கலங்கிக்கொண்டே இருப்பதற்கு மீன்தொட்டிக் காற்று மோட்டார். இரு பக்கமும் தொங்குகிற செம்புத் தகடுகளுக்கு உன் கணவர் சேவியரின் பழைய யூனிபார்ம் சட்டையில், கசடு நீரில் கலக்காதபடி, பை தைத்திருந்தாய். பலகையில் தடங்களைப் பதிக்க, அடையாள அட்டைக்கு லேமினேஷன் போடுகிற இயந்திரம், நகப்பூச்சு உலர்த்தும் ஊதா விளக்கு, சின்னதாக ஒரு துளையிடும் மிஷின். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சேவியர் கம்பெனி ஷிப்ட் வேன் ஓட்டுகிறவர். வந்தவர்களிடம் எல்லாம் முறையிடுவார்.

"வூட்ல ரெண்டு பாத்ரூம் கட்னேன் மேடம், ஒரு கெத்தா இருக்கட்டும்னு. இப்ப அதுக்குள்ள நொழைஞ்சா என் பேன்ட்டுல ஓட்ட வுழுது."

"ஓட்டக்கித்தான் செம்பு பூசறேன்யா. எடுத்துனு வா, உன் பேன்ட்டுக்கும் சேத்துப் பூசறேன்" என்று உள்ளேயிருந்து உன் குரல் வரும்.

துளைகளுக்குள் கரி மையை உறிஞ்ச வைத்துக் காய வைப்பாய். மின்சாரம் ஓடாத சுவரில் அந்தக் கரிதான் முதல் வழி. அதன் மேல் செம்பு மெல்ல மெல்லப் படியும். மின்சாரத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பிடிவாதமாகக் காத்திருப்பாய். அவசரப்பட்டு ஏற்றினால் துளையின் வாயில் செம்பு தடித்துவிடும், நடுவில் மெலிந்துவிடும், சூடு பட்டால் விரிசல் விடும். "மெதுவா ஏத்து" என்பது கம்பெனியில் உனக்குக் கீழே இருந்த பெண்களுக்கு நீ ஓயாமல் சொன்னது. பிறகு அதை உனக்கே சொல்லிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாய். பலகை வெளியே வரும்போது ரோஜா நிறத்தில் இருக்கும். மிச்ச நீரைச் சலவைச் சோடா போட்டு அடங்க வைத்து, படிந்த செம்புச் சேற்றைத் தனியே கட்டி வைப்பாய். ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகாது.

வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டால் இதைவிட அழகாக, இதைவிட மலிவாகச் செய்து அனுப்புவார்கள் என்று நீயே சொல்வாய். உன்னிடம் வந்தவர்கள் காத்திருக்க முடியாதவர்கள். உற்பத்தி நின்றுபோன பழைய மிஷினுக்கு ஒரே ஒரு போர்டு வேண்டும் என்று கருகிப்போன பலகையைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள்.

மல்லிகாவும் அப்படித்தான் வந்தாள். கம்பெனியில் உன் பக்கத்துத் தொட்டியில் நின்றவள். கேட் மூடிய பிறகு, தன் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் சேர்ந்திருந்தாள். காருக்குள் ஓடுகிற ஒயர்களைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் செய்கிற இடம். அவளுக்கு அந்த வேலையில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. தூரம்தான் அவளுக்கு முக்கியம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவருக்கு மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு, திரும்பி வந்து நிற்க முடிந்தது. வேறு எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் அது முடியாது.

ஐப்பசி தொடங்குவதற்கு முன்பே ஒரு இடி மழை அடித்தது. யூனிட்டின் பழைய மோல்டிங் மிஷினில் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துபோனது. மிஷின் செய்தவர்களிடம் அந்தப் பலகை இப்போது இல்லை. முதலாளி கதிரேசன், சாத்தூர் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆர்டர் கொடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மிஷின் ஓடவில்லை என்றால் ஆர்டரை மறைமலை நகரில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் மிஷினை விற்க வேண்டியதுதான், அந்த மிஷினில் நிற்கிற பெண்கள் வர வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

"நீ பண்ணுவியாடி?" என்று மல்லிகா கேட்டாள். நீ கருகிய பலகையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "பாத்துக்கலாம்" என்றாய். அவள் அங்கேயே உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "ஏய், மயில்துத்தம் கைடி, மூஞ்சில தேச்சிக்காத" என்று நீ அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாய்.

பழைய பலகையைப் படம் பிடித்து, தெரு தெருவாக வரைந்து, கருகின இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து முடிக்கவே பல நாள் போயிற்று. துளை போட்டு முடித்ததும் அதை மிஷினில் வைத்து அளவு பார்க்க வேண்டும். அது உன் வழக்கம். செம்பு ஏறிய பிறகு துளையை நகர்த்த முடியாது, அதனால் அதற்கு முன்பே இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்துவிடுவாய். அந்த நாள் ஆயுத பூஜையாக வந்து அமைந்தது. நானும் கூட வந்தேன். பூஜை அன்று ஒரகடம் பக்கத்து யூனிட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள்.

யூனிட் முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். மிஷின், கம்ப்ரஸர், எடை போடும் தராசு, கைரேகை வைக்கிற பெட்டி, ஓனரின் கார், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ மிஷினின் மின்பெட்டியைத் திறந்து பலகையை வைத்துப் பார்த்தாய். திருகுகளும் இணைப்புகளும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. பலகையை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டாய். அதற்குள் மல்லிகா சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"இவளுக்கு வெக்காம வுட்டா எப்டி? இவதான் இன்னிக்கு நமக்குக் கஞ்சி ஊத்தறவ."

பலகையின் மேல் மூன்று பொட்டு வைத்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். மற்ற பெண்கள் சுற்றி நின்று கும்பிட்டார்கள். உன் கை பாதி தூரம் நீண்டதை நான் பார்த்தேன். நீண்ட கை அப்படியே நின்று, பிறகு மடங்கி, உன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தது. நான் போனை எடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கட்டுரைக்கு.

திரும்பும் வழியில் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று. "எப்டி சொல்றது? நான் வேற சர்ச்சுக்குப் போறவ. இவளுக்குப் பொட்டு புடிக்கலன்னு ஆயிடும். கழுவிக்கலாம், வுடு."

கழுவினாய். சோப்பு போட்டு, பிரஷ் போட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாய். எல்லாத் துளையிலும் வெளிச்சம் வந்தது. அதன் பிறகு கரி மை, அதன் பிறகு தொட்டி. அவசரமே படவில்லை. நான் அன்று சாயங்காலம் வரைக்கும் உன்னோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கு இடையில் நீ மின்சார அளவை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அதைக் கூட்டவே இல்லை. இதை நான் இங்கே தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பாகங்கள் பற்றவைக்கப்பட்டுப் பலகை மிஷினில் ஏறிய அன்று காலை மிஷின் ஓடியது. கிளிப்புகள் தடதடவென்று கூடையில் விழுந்தன. கதிரேசன் உனக்குத் தன் கையால் காபி கொடுத்தார். மல்லிகா மத்தியானம் கணவருக்குச் சோறு ஊட்டப் போகும்போது உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் மின்பெட்டி சூடேறி, மிஷின் நின்றுவிட்டது. சூடாக்கிகள் அணைந்து, உருகிய பிளாஸ்டிக் உள்ளேயே இறுகிவிட்டது. அதைத் தோண்டி எடுப்பது தனி வேலை.

கதிரேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எம்புட்டு சொன்னேன், வெளிய ஆளப் பாப்போம்னு. குளிக்கிற எடத்துல செஞ்ச போர்ட கொண்டாந்து மாட்டிட்டீகளேம்மா." நீ பலகையைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினாய். எனக்குப் போன் செய்து "வர்றியா?" என்று மட்டும் கேட்டாய்.

நான் வந்தபோது அடுப்பு மேடையில் மீட்டரும் பலகையும் இருந்தன. முடி உலர்த்துகிற மிஷினால் சூடு காட்டிக்கொண்டே ஒவ்வொரு துளையாகத் தொட்டுப் பார்த்தாய். சூடு பட்டதும் சில துளைகளில் மீட்டரின் 'பீப்' சத்தம் அறுந்தது. அறுந்த இடங்களை மார்க்கரில் வட்டமிட்டாய். வட்டங்கள் மூன்று கூட்டமாக விழுந்தன. நீ அவற்றை விரலால் தொட்டு எண்ணிவிட்டு, "பேப்பரு, பூஜையில ஒரு போட்டோ எடுத்தியே" என்றாய்.

படத்தைத் திறந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்று பொட்டும் மூன்று கூட்டமும் ஒரே இடம்.

ஒரு துளையின் குறுக்காக ரம்பத்தால் அறுத்தாய். வெட்டிய முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாய். செம்புக்கும் பலகைச் சுவருக்கும் நடுவே ஒரு மெல்லிய வெளிறிய கோடு. வழவழப்பான சந்தனம் சுவரோடு அப்பிக் காய்ந்திருக்கிறது. துளையின் நடுவில் வெளிச்சம் வந்ததால் நீ சுத்தம் என்று நினைத்துவிட்டாய். அதன் மேல் கரி, கரியின் மேல் செம்பு. குளிர்ச்சியில் பிடித்துக்கொண்டு நின்றது. சூட்டில் விட்டுவிட்டது.

"மோந்து பாரு, சந்தன வாசன வருதா?" என்றாய். வந்ததா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கோடு இருந்தது, அதைப் பார்த்தேன். நீ முதலில் சிரித்தாய். "சாமி கும்பிட்டே படுக்க வெச்சிட்டாளுங்களே" என்றாய். சிரிப்பு நிற்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மல்லிகா.

வெட்டிய துண்டை நீ கைக்குள் மூடிக்கொண்டாய்.

"ஆர்டர் போச்சு" என்றாள் அவள், உள்ளே வராமல். "ஓனரு போன்ல சொல்லிட்டாரு. நாளிக்கு மிஷினுக்கு வெல பேச வர்றாங்களாம். இன்னாடி ஆச்சு? எதுனால நின்னுச்சு? அத மட்டும் சொல்லு."

நீ அவள் முகத்தைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய்.

"அவசரப்பட்டுட்டேன் மல்லிகா. கரன்ட்ட ஏத்தி வெச்சிட்டேன்."

"நீயா?"

"ம்."

"மெதுவா ஏத்து, மெதுவா ஏத்துன்னு எங்க உசுர வாங்கினவ நீ. எவளாச்சும் கரன்ட்டுக் குமிழத் தொட்டா கைய தட்டி வுட்டவ நீ. என் வூட்டு விசயத்துல மட்டும் உனக்கு அவசரம் வந்துச்சா?" அவள் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம். "உன்னால தாண்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"சொல்லாத. என்மேல கோவம்னா திட்டித் தீத்துக்குவா. தன் கையால வெச்ச பொட்டுதான்னு தெரிஞ்சா? புருசனுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட முடியாமப் போனது தன்னாலதான்னு தெரிஞ்சா? யாரத் திட்டுவா சொல்லு." அந்தப் படம் எங்கேயும் போகக்கூடாது என்றும் சொன்னாய். கட்டுரையில் வேறு படம் போட்டோம்.

ஆர்டர் போன பிறகும் நீ இரண்டாவது பலகை செய்தாய். யாரும் கேட்கவில்லை. புதிதாகத் துளை போட்டு, மெதுவாக ஏற்றி, சூடு காட்டிச் சோதித்து எடுத்துக்கொண்டு போனபோது, மிஷினை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாலாஜாபாத் பக்கத்தில் யாரோ வாங்கியிருந்தார்கள். நீ அந்தப் பலகையை லாரி ஓட்டுநரிடம் கொடுத்து, "வாங்கினவருகிட்ட குடுத்துருபா, இது இல்லாம அது ஓடாது" என்றாய். அவர் அதை சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

மல்லிகா கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கினாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. கணவரை அவருடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வந்தாள். உன் தெருவுக்குள் அவள் வரவில்லை. மற்ற பெண்கள் பேசினார்கள். யூனிட்டுக்கு யூனிட், பஸ்ஸுக்குப் பஸ் அது பரவியது. குன்றத்தூர் அம்மா அவசரத்தில் செய்த போர்டு நாலு பேர் வேலையைத் தின்றது என்று. பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். நீ தொட்டிக்கு மூடி போட்டு வைத்தாய். சேவியர், "ஏன் பேப்பரு மேடம், இவ ஏதோ மறைக்கறா இல்ல?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நிருபர் வேலையில் தெரியாது என்று சொல்வது எளிது, எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

அடுத்த ஆயுத பூஜையும் போனது, அதற்கடுத்ததும் போனது. அதன் பிறகு ஒரு வேலை நாள் காலையில் நீ பாத்திரம் துலக்கும் இடத்திலேயே சரிந்தாய். தலைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். நான் மருத்துவமனைக்கு வந்தபோது சேவியர் ஷிப்ட் வேனையே வாசலில் நிறுத்தியிருந்தார். வேனுக்குள் வேலைக்குப் போகிற பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடக்கத்துக்கு மல்லிகா வரவில்லை. முப்பதாம் நாள் சர்ச்சில் வைத்த பூசைக்கு வந்தாள். கோயிலுக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"எக்கா, இப்ப நான் செய்ற கம்பெனியில போர்டு லைன் கீது. பூஜ வந்தப்ப சூப்பர்வைசரு மைக் போட்டுச் சொன்னாரு, மிஷினுக்கு வைங்க, போர்டு பக்கம் சந்தனம் கொண்டுபோனா வேலய வுட்டுத் தூக்கிருவேன்னு. கையில இருந்த கிண்ணத்த அங்கியே வெச்சிட்டேன். அன்னிக்கே இவள வந்து கேக்கணும்னு இருந்தேன். ரோசம். வரல." மூச்சு வாங்கினாள். "நீ பேப்பர்காரி. பொய் சொல்ல மாட்டேன்னு நெனைக்கறேன். பொட்டா, அவசரமா?"

நீ என் மணிக்கட்டைப் பிடித்த இடம் எனக்கு நினைவு இருந்தது. இருந்தும் சொன்னேன். பெரிய நியாயம் எதுவும் கற்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நேராகக் கேட்டாள். எனக்கும் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். தன் கையையே ரொம்ப நேரம் பார்த்தாள். நீ பயந்தது நடந்தது. கோயில் சுவரோரமாக உட்கார்ந்து, யாரும் எழுப்ப முடியாதபடி அழுதாள். "அந்த மனுசன அங்க போட்டது நானா" என்றாள். "நானா, நானா" என்றாள். சேவியர் தண்ணீர் கொண்டுவந்து நின்றார். நான் தப்பு செய்துவிட்டேன் என்றே அப்போது நினைத்தேன்.

அழுது ஓய்ந்ததும் அவள் முகம் கடுகடுவென்று ஆனது.

"பாவி. சொல்லியிருந்தா நாலு நாள் அழுதிருப்பேன். அஞ்சாம் நாள் அவ வூட்டாண்டதான வந்து நின்னிருப்பேன்? வேற எங்க போவேன்? பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்தா தலயக் குனிஞ்சிகினு போவா. குனிய வேண்டியவ நான். யாரு இவள இப்டியெல்லாம் என்னக் காப்பாத்தச் சொன்னது?"

அதே கேள்வி எனக்கும் இருந்தது.

போன மாதம் அவளுக்கு விடுமுறை வந்த ஒரு நாளில் நாங்கள் இருவரும் வாலாஜாபாத் போனோம். லாரி ஓட்டுநரைச் சேவியர் தேடிப் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. பெயின்ட் டப்பாக்களுக்கு மூடி செய்கிறார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடத்துகிறவர் எங்களைப் பார்த்து முதலில் மிரண்டார். வரி ஆபீஸ் என்று நினைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மின்பெட்டியைத் திறந்து காட்டினார். "வந்ததுலேருந்து கை வெச்சதே இல்லீங்க" என்றார். பச்சைப் பூச்சு இல்லாத உன் பலகை உள்ளே இருந்தது, மேலே தூசி படிந்து. கொட்டகைக்குள் நிற்க முடியாத அளவுக்குச் சூடு. மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. பெட்டியின் கதவில், வெளிப்பக்கம், காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. மல்லிகா அதைப் பார்த்து, "உள்ள வெச்சிராதீங்கண்ணா" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் சரி என்றார். பெட்டியை மூடியபோது மிஷின் அருகில் நின்றிருந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அது மல்லிகா நின்ற இடம். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னாள். "எழுதுக்கா."

"எதை?"

"எல்லாத்தையும். அவ அவசரக்காரின்னு இன்னும் எங்க பஸ்ஸுல பேசறாளுங்க. அவ போர்டு ஓடுது, நான் என் கண்ணால பாத்தேன்னு எழுது. பொட்டு வெச்சவ நான்தான்னு எழுது. என் பேரப் போடு. எந்த ஊரு, எந்தத் தெரு, எல்லாம் போடு. போட்டோ வேணும்னா எடுத்துக்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

எழுதிவிட்டேன். உன் பலகை ஓடுகிறது. நீ அவசரப்படவில்லை. படிக்கிறவர்கள் இதை பஸ்ஸில் சொல்லட்டும்.

எழுதி முடித்ததும் ஒன்றை மட்டும் மாற்றினேன். மல்லிகா என்பது அவளுடைய பெயர் அல்ல. அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்பதும் இதில் இல்லை. அச்சில் பார்த்ததும் கூப்பிட்டுத் திட்டுவாள், நான் வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டதில் மீதியை எல்லாம் உடைத்துவிட்டேன். அவள் பெயர் மட்டும் என்னிடமே இருக்கும்.